சாளரக் கண்ணாடியில் கறையும் சிதைவும்

பெங்களூரில் காவிரி நீர் எட்டாத பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் மிகுதியாகப் பயன்படுகிறது. பல இடங்களில் அது கடின நீராகும். இந்தியத் தரநிலையின்படி, வேறு நீர் கிடைக்காதவிடத்து, லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை கடினத்தன்மையுள்ள நீரையும் குடிக்கலாம். ஆயினும் அத்தகைய நீர் சாளரத்தின்மேல் தெறித்து உலர்ந்தால், கால்சியம், மக்னீசியம் உப்புகள் வெண்படலமாகப் படிந்துவிடும்.

இதைக் கண்டதும் மணலால் தேய்ப்பதும் கடும் அமிலத்தை ஊற்றுவதும் தவறாகும். கறை எது, சிதைவு எது என முதலில் அறிதல் வேண்டும். நீர் கலந்த வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் ஒற்றிவைத்தால் சுண்ணாம்புப் படிவு கரையும். பின்னும் மங்கல் நீங்காவிடில், கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கக்கூடும். ஈரம் நெடுநாள் தங்கினால், கண்ணாடியிலுள்ள சோடியம் கசிந்து அந்நீரைக் காரமாக்குகிறது. அக்காரம் சிலிக்காவைக் கரைக்கிறது. புதிய சிமெண்டுச் சுவரிலிருந்து வழியும் நீரும் இத்தீங்கையே விளைவிக்கும். இச்சிதைவைக் கழுவிப் போக்க இயலாது.

ஹைட்ரோபுளோரிக் அமிலம் கலந்த கறைநீக்கிகள் கண்ணாடியை அரிப்பவை. தோலினுள் ஊடுருவி எலும்பையும் தாக்குபவை. கண்ணாடியின் பொலிவுக்காகத் துப்புரவுத் தொழிலாளியின் கைகளைப் பணயம் வைத்தல் முறையன்று.

ஆதலின் தோட்டத் தெளிப்பானைத் திசைமாற்றி வைத்தலும், தெறித்த நீரை உலருமுன் துடைத்தலும், பூச்சுவேலையின்போது கண்ணாடியை மூடிவைத்தலுமே தக்க பரிகாரங்கள். ஒரு கண்ணாடித் துண்டில் கிணற்று நீர்த் துளியையும் மழைநீர்த் துளியையும் அருகருகே உலரவிட்டால், மாணவர் இதன் காரணத்தைத் தாமே கண்டறிவர்.