"கவனமா இருங்க" என்றால் போதுமா?

ஸ்பேம் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்களில் எங்களுக்குக் கிடைப்பது ஒரே புத்திமதிதான்: "தெரியாத மெயிலைத் திறக்காதீங்க, கவனமா இருங்க." சரி, இருக்கிறோம். அந்த மெயில் எங்கள் இன்பொக்ஸ் வரை எப்படி வந்தது என்று மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை?

1978 இல் ஒரு கணினிக் கம்பனி தன் விளம்பரத்தை அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரேயடியாக அனுப்பியது. அன்றும் இன்றும் கணக்கு ஒன்றுதான். அனுப்புகிறவனுக்குச் செலவில்லை, வாங்குகிறவருக்குத்தான் செலவு. ஹட்டனில் அந்தச் செலவு, எண்ணி எண்ணி ரீலோட் போட்ட டேட்டா. வெளிநாட்டில் வேலை என்று வரும் போலி மெயிலை நம்பிவிட்டால், அடகுக்குப் போகும் அம்மாவின் தோடு.

வீட்டிலேயே முதல் ஆளாக மெயில் திறந்த பிள்ளையிடம் "நீதான் கண்டுபிடிக்கணும்" என்பது அநியாயம். தடுப்பது சேர்வரின் வேலை. யாரும் கேட்காமலே, ஆரம்பத்திலிருந்தே அது தடுக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. ஒரு டொமைனின் பெயரில் எந்த சேர்வர் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் சொல்லும். மெயிலுக்கு டிகிம் கையெழுத்துப் போடும். இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று டிமார்க் சொல்லும். ஜிமெயில் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களிடம் இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்று 2024 பெப்ரவரியில் கூகுள் கட்டாயமாக்கியது. ஆனால் டிமார்க்கில் 'நன்' என்று போட்டால் 'ஒன்றும் செய்யாதே' என்று அர்த்தம். அப்படியே விட்டுவிடும் நிறுவனம், தன் பெயரில் யாரும் ஏமாற்றலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

"எல்லாத்தையும் பூட்டினா நல்ல மெயிலும் மாட்டிக்குமே" என்பார்கள். மாட்டும்தான். அதனால் எப்படித் தடுக்கிறோம் என்பது முக்கியம். சேர்வர் வாசலிலேயே 550 என்ற பதிலோடு மறுத்தால், அனுப்பியவருக்குத் தகவல் திரும்பிப் போகும். அவர் போன் எடுத்தாவது சொல்வார். வாங்கிவைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஒளித்தால், போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் நினைப்பார், இன்னும் வரவில்லையே என்று இவர் காத்திருப்பார்.

இந்தக் காத்திருப்பு மலையகத்துக்குப் புதுசில்லை. லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், கைமாறித்தான் வீட்டுக்கு வந்தது. இன்டர்வியூ முடிந்த பிறகு இன்டர்வியூ கடிதம் கிடைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதே கதை இப்போது ஸ்பேம் போல்டருக்குள் நடக்கக் கூடாது.

பல்கலைக்கழகமோ, திணைக்களமோ, கம்பனியோ, மெயில் சேர்வர் நடத்துகிற எல்லோரிடமும் கேட்கிறோம். உங்கள் பெயரில் வரும் போலி மெயிலை நிராகரிக்கச் சொல்லி டிமார்க்கை மாற்றுங்கள். ஸ்பேமை வாசலிலேயே மறுங்கள். மறுத்ததை அனுப்பியவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எங்களுக்குப் புத்திமதி சொல்ல வாங்க, கேட்கிறோம்.