முதலில் கட்டை, பிறகுதான் கொக்கி

கடந்த ஆண்டு எங்கள் பள்ளியில் கேண்டீன் தினம். காலை ஏழு மணி இருக்கும். பொரித்த கோழி விற்கும் டிரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு பிக்அப் வண்டி கார் நிறுத்துமிடத்துக்குள் வந்தது. ஓட்டிவந்த அண்ணன் இறங்கினார், கொக்கியைக் கழற்றினார், முன்பக்கத்து ஜாக்கைச் சுழற்றி டிரெய்லரின் மூக்கை உயர்த்தினார். மூக்கு வண்டியின் இரும்புக் குண்டிலிருந்து விடுபட்ட நொடியில், டிரெய்லர் பின்பக்கமாக நகரத் தொடங்கியது. மெதுவாகத்தான், ஆள் நடக்கும் வேகம்கூட இல்லை. அருகில் மேசைகளை அடுக்கிக்கொண்டிருந்த என் படிவம் 5 மாணவன் ஒருவன் ஓடிப்போய் அதன் பின்புறத்தில் இரு கைகளையும் ஊன்றி நிறுத்தப் பார்த்தான்.

"விடு! தள்ளிப் போ!" என்று கத்தினேன். நல்லவேளையாக அவன் கேட்டான். டிரெய்லரின் ஒரு சக்கரம் சாக்கடைக்குள் இறங்கியதும் அது சாய்ந்து நின்றது. எண்ணெய்ச் சட்டி இன்னும் காலியாக இருந்ததால் சேதம் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு போயிற்று.

மாணவர்களே, அன்று எனக்கு உறைத்தது விபத்து அல்ல, பிறகு அவன் கேட்ட கேள்விதான். "இடம் சமமாத்தானே சார் இருக்கு? எப்படி உருண்டுச்சு?" மூன்று வாரங்களுக்கு முன் நடந்த சோதனையில் சாய்தளக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். வழவழப்பான சாய்தளத்தில் வைத்த மரக்கட்டை எந்த முடுக்கத்தில் இறங்கும் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, தான் நின்றுகொண்டிருந்த தரையே சாய்தளம் என்பது தெரியவில்லை. குறை அவனுடையது அல்ல; பாடம் நடத்திய என்னுடையது.

அடுத்த வாரம் வகுப்போடு அங்கே போய் ஒரு மீட்டர் பலகையையும் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தையும் வைத்து அளந்தோம். நம் நாட்டில் மழை அதிகம். தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்பதால், கார் நிறுத்துமிடத்தைச் சாக்கடைப் பக்கமாகச் சற்றுச் சரித்தே போடுவார்கள். பல இடங்களில் இந்தச் சரிவு மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். டிரெய்லர் நின்ற மூலையில் ஐந்து சென்டிமீட்டர் இருந்தது. கோணத்தில் சொன்னால் ஏறக்குறைய 3 பாகை. கண்ணுக்கு அது தெரியாது.

ஆனால் டயருக்குத் தெரியும். தார்ச்சாலையில் காற்று நிரம்பிய டயர் உருளுவதற்கு இருக்கும் எதிர்ப்பு, அது சுமக்கும் எடையில் நூற்றில் ஒன்று, ஒன்றரைப் பங்கு மட்டுமே. அதனால் மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவே உருளத் தொடங்கப் போதும். டிரெய்லரின் பொருண்மை 1,500 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 3 பாகைச் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 770 நியூட்டன். உருளல் எதிர்ப்பு 220 நியூட்டனைக் கழித்தால் 550 நியூட்டன் மிஞ்சுகிறது. மூன்று விநாடியில் வேகம் விநாடிக்கு 1.1 மீட்டர்; உந்தம் 1,650 அலகு.

இப்போது அந்த மாணவனைப் பாருங்கள். அவன் 60 கிலோகிராம். காலணிக்கும் தாருக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தை 0.6 என்று எடுத்துக்கொண்டால், அவன் கால் சறுக்காமல் தரக்கூடிய அதிகபட்ச விசை ஏறக்குறைய 350 நியூட்டன். தேவையோ 550, அதுவும் டிரெய்லர் நகராமல் நிற்கும்போது. அவன் பலசாலியா, உடற்பயிற்சி செய்பவனா என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. கால் சறுக்கிவிடும். சறுக்கினால் அவனுக்குப் பின்னால் சாக்கடை, முன்னால் ஒன்றரை டன். உருளும் டிரெய்லரைக் கையால் பிடிக்காதீர்கள். கத்தி எச்சரித்துவிட்டு விலகுங்கள். டிரெய்லரை மறுபடி வாங்கலாம்.

சரி, அந்த அண்ணன் செய்த தவறு என்ன? கொக்கி மாட்டியிருக்கும்வரை டிரெய்லரைப் பிடித்துக்கொண்டிருப்பது இழுக்கும் வண்டியின் பிரேக். பல சிறிய டிரெய்லர்களுக்குச் சொந்தமாகப் பிரேக்கே கிடையாது. கொக்கியைக் கழற்றும்போது நாம் கழற்றுவது அந்த டிரெய்லரின் ஒரே பிரேக்கைத்தான். மூக்கைத் தாங்கும் ஜாக் எதையும் தடுக்காது. அடியில் குட்டிச் சக்கரம் இருந்தால் அதுவும் சேர்ந்து உருளும். தட்டையான பாதம் இருந்தால் சாய்ந்து விழும்.

ஆகவே கட்டை முதலில் வர வேண்டும். வண்டியோடு இணைந்திருக்கும்போதே, டிரெய்லரின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும், சரிவின் கீழ்ப்பக்கத்தில், டயரை ஒட்டிக் கட்டை வைக்க வேண்டும். சரிவு எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தால் முன்னும் பின்னும் வையுங்கள். அடுத்து ஒரு வேலை இருக்கிறது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஓட்டுநர் பிரேக்கை மெல்லத் தளர்த்தி, டிரெய்லரின் பாரம் கட்டைமேல் சாய விட வேண்டும். கட்டை சறுக்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும். சறுக்கினாலும் பயமில்லை, கொக்கி இன்னும் மாட்டியே இருக்கிறது. கட்டை தாங்கியது உறுதியான பிறகு கைபிரேக்கைப் போட்டுவிட்டுக் கொக்கியைத் திறக்கலாம். பாதுகாப்புச் சங்கிலியை மூக்கு குண்டைவிட்டு முழுதாக மேலே வந்த பிறகே கழற்ற வேண்டும்.

கட்டைக்குப் பதில் செங்கல் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு தாளில் 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தைச் சிறிதாக்கி வரைந்து பாருங்கள். தடையின்மீது டயர் தரும் விசை, தொடும் புள்ளியையும் அச்சையும் இணைக்கும் கோட்டில் செல்கிறது. செங்கல்லை நிமிர்த்தி வைத்து, டயர் அதைத் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் தொட்டால், விசையின் கிடைப்பங்கு கீழ்நோக்கிய பங்கைவிட அதிகம். ஈரத் தாரில் செங்கல் சறுக்கி ஓடிவிடும். சாய்வான ஆப்புக்கட்டையை டயர் தாழ்வாக, 5 சென்டிமீட்டர் அளவில் தொடும். அங்கே கீழ்நோக்கிய பங்குதான் பெரியது. டயர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு கட்டையைத் தரையோடு அழுத்தவும் செய்கிறது. டயர் கட்டைமேல் ஏறிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். 5 சென்டிமீட்டர் ஏறுவதற்கு அச்சில் தேவைப்படும் தள்ளல், அந்தச் சக்கரம் சுமக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு. 3 பாகைச் சரிவு தருவது இருபதில் ஒரு பங்கு. ஆனால் டயருக்கும் கட்டைக்கும் இடையே இடைவெளி விட்டால் இந்தக் கணக்கு செல்லாது. டிரெய்லர் வேகம் எடுத்துவந்து மோதும்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெரிய தேர்களை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டைதான். ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் அந்தத் தேரில் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போகவில்லை. நாம்தான் மேடைப் பேச்சில் "வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை" என்று அந்த நல்ல சொல்லைத் திட்டுவதற்கு வைத்துக்கொண்டோம்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் டிரெய்லரையே வீடாக்கி வாரக்கணக்கில் ஊர் சுற்றுபவர்கள், இரட்டை அச்சு வண்டிகளில் இரு டயர்களுக்கும் நடுவே இறுக்கும் ஒரு கருவியையும் மாட்டுவார்கள். இரவில் குளிர்ந்தால் டயரின் காற்றழுத்தம் குறையும் (படிவம் 4 வாயு விதி), டயர் சற்றே சுருங்கும், பிடி தளரும். அதனால் அவர்களும் தரையில் கட்டை வைப்பதை விடுவதில்லை.

என் கருத்து இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒன்று, பள்ளி விழாக்களை நடத்துவோருக்கு. உணவு விற்க வருபவரிடம் டைபாய்டு ஊசி போட்ட சான்று கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அதே மேசையில் "கட்டை கொண்டுவந்தீர்களா?" என்றும் கேட்கலாம். மாணவர்கள் நடமாடும் இடத்தில் கட்டை இல்லாத டிரெய்லரைக் கழற்ற விடக்கூடாது. கைபிரேக் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அது வண்டியோடு போய்விடும்.

மற்றொன்று என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு. எஸ்.பி.எம். தேர்வுக்கு வழவழப்பான சாய்தளக் கணக்கு வேண்டும், நானும் நடத்துகிறேன். ஆனால் இப்போது அந்தப் பாடத்தை ரசமட்டத்தோடு கார் நிறுத்துமிடத்தில் தொடங்குகிறேன். வெயிலில் நிற்க வைக்கிறேன் என்று புகார் வருகிறது. வரட்டும்.

இந்த ஆண்டு கேண்டீன் தினத்துக்கு அதே அண்ணன் வந்தார். இரண்டு ஜோடி ரப்பர் கட்டைகளை ஒரே கயிற்றில் கோத்து ஜாக்கின் கைப்பிடியில் கட்டியிருந்தார். "இதை அவிழ்க்காம ஜாக்கைச் சுத்த முடியாது சார், அதான் அங்கே கட்டிட்டேன்" என்றார்.