கொடுப்போர் மூவர், கேட்கத் தயங்குவோர் நாம்

ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் ஜேர்மனியின் தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும் மருந்தகங்களிலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் முதன்முறையாகக் காலடி எடுத்து வைக்கின்றனர். 'அவுஸ்பில்டுங்' எனப்படும் தொழிற்பயிற்சி அவர்களுக்கு அன்று ஆரம்பமாகின்றது. அதே வேளையில் எம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும். பிள்ளை பயிற்சிக்குப் போக விரும்பும். தந்தையோ, "கம்பசுக்குப் போகாத படிப்பும் ஒரு படிப்போ?" என்று கேட்பார். இந்த வழக்கில், எப்போதும் அல்லாவிடினும் பெரும்பாலும், நாம் பிள்ளையின் பக்கமே நிற்க விரும்புகின்றோம்.

அந்தத் தந்தையை நாம் குறைகூற வரவில்லை. 1971இல் தரப்படுத்தல் வந்தபோது, பெற்ற புள்ளிகள் போதுமானவையாக இருந்தும் பல்கலைக்கழக வாசல் அடைக்கப்பட்ட தலைமுறை அவருடையது, அல்லது அவருடைய தமையனுடையது. அதன் பின்னர் போர் வந்து பாடசாலையையே பறித்தது. உணவகங்களின் பின்கதவால் நுழைந்து கோப்பை கழுவிய கைகள், பிள்ளையின் கையில் பட்டச் சான்றிதழைக் காண ஏங்குவதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஏக்கம், இந்நாட்டில் ஏலவே திறந்துகிடக்கும் கதவுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றது என்பதே எமது கவலை.

அந்தக் கதவுகளை அமைத்தோர் மூவர்: அரசு, வர்த்தக நிறுவனங்கள், அறக்கட்டளைகள்.

முதலாவது கதவு தொழிற்பயிற்சி. 1969ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டம் இதனை நாடு முழுமைக்கும் ஒழுங்குபடுத்தியது. பயிலுநர் வாரத்தில் ஓரிரு நாட்கள் அரசின் தொழிற்பாடசாலைக்குச் செல்வார். மிகுதி நாட்களில் நிறுவனத்திலே வேலை பழகுவார். பாடசாலைச் செலவு அரசினுடையது, மாத ஊதியம் நிறுவனத்தினுடையது. இறுதிப் பரீட்சையை நடத்துவது வர்த்தக, கைவினைச் சம்மேளனங்கள். 2020ஆம் ஆண்டிலிருந்து குறைந்தபட்ச ஊதியமும் சட்டத்தில் உண்டு. அவ்வாண்டு முதலாம் வருடப் பயிலுநருக்கு மாதம் 515 யூரோ என்று தொடங்கிய அத்தொகை பின்னர் படிப்படியாக உயர்ந்துள்ளது. படிப்பதற்குப் பணம் கட்டாது, படிக்கும்போதே பணம் பெறும் இந்த ஏற்பாட்டைத்தான் நாம் "படிக்காதவர்களின் படிப்பு" என்று ஒதுக்குகின்றோம்! பயிற்சியை முடித்து 'மைஸ்ரர்' தராதரம் பெற்றவர் இந்நாட்டில் பல்கலைக்கழகம் புகவும் தகுதியுடையவர் என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்?

அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டோருக்கு இக்கதவின் பெறுமதி இன்னும் அதிகம். 2016ஆம் ஆண்டின் ஒருங்கிணைப்புச் சட்டம், பயிற்சியில் சேர்ந்த ஒருவரைப் பயிற்சி முடியும்வரை நாடு கடத்துவதில்லை என்றும், முடித்து அதே துறையில் வேலை பெற்றால் மேலும் இரண்டாண்டு வதிவிட அனுமதி உண்டென்றும் வழி செய்தது. 2024 மார்ச் முதல், நிபந்தனைகளை நிறைவு செய்வோர் வெறும் 'டுல்டுங்'கிற்குப் பதிலாகப் பயிற்சிக்கான வதிவிட அனுமதியையே பெறலாம். அடையாளத்தை நிரூபிக்கவேண்டும் என்ற நிபந்தனை பலருக்கு முட்டுக்கட்டையாகவே உள்ளது. எனினும் தொண்ணூறுகளில் வேலைத்தடையுடன் முகாம்களில் ஆண்டுகளைத் தொலைத்த எம்மவர்க்கு இது கனவிலும் கிடையாத வாய்ப்பு. சில மாநிலங்களில் அகதி விண்ணப்பதாரரின் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்விகூட அன்று இருக்கவில்லை. இம்மாற்றம் இரக்கத்தால் மட்டும் வந்ததன்று என்பதையும் சொல்லிவைப்போம். பயிற்சியிடங்களை நிரப்ப ஆளின்றித் தவித்த நிறுவனங்களும் அவற்றின் சம்மேளனங்களும் அரசை நெருக்கியதும் இதற்கு ஒரு காரணம். மனிதாபிமானிகளின் குரலுக்கு அசையாத கதவு, முதலாளிகளின் தேவைக்கு அசைந்தது. அசைந்த கதவால் நுழைவதில் தவறில்லை. யார் எதற்காகத் திறந்தார் என்பதை மறவாதிருந்தால் போதும்.

இரண்டாவது கதவு, 2002இல் ஹெர்ட்டி அறக்கட்டளை ஹெசன் மாநிலத்தில் தொடங்கிய 'ஸ்ராட்' புலமைப்பரிசில். தாமோ தம் பெற்றோரோ இந்நாட்டுக்குக் குடிபெயர்ந்து வந்த மாணவர்க்கு, பாடசாலைக் காலத்திலேயே பண உதவியும் வழிகாட்டலும் பயிற்சிப் பட்டறைகளும் இதனால் கிடைக்கின்றன. பின்னர் மாநிலக் கல்வி அமைச்சுகளும் வேறு அறக்கட்டளைகளும் நிறுவனங்களும் பங்காளிகளாகச் சேர்ந்து பல மாநிலங்களுக்கும் இது பரவியது.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி. ஹெர்ட்டி என்பது ஹெர்மன் டீற்ஸ் என்னும் யூதப் பெயரின் சுருக்கம். டீற்ஸ் குடும்பத்தின் பேரங்காடிகள் நாசி ஆட்சி வந்ததும் அவர்களின் கையினின்றும் பிடுங்கப்பட்டன. குடும்பத்தினர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்த வர்த்தகத்தைக் கைக்கொண்ட கார்க் என்பவரின் வாரிசுகளே 1974இல் இந்த அறக்கட்டளையை நிறுவினர். அகதியாக்கப்பட்டோரின் செல்வத்திலிருந்து கிளைத்த பணம் இன்று அகதிகளின் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தருகின்றது. அறக்கொடை என்றதும் கைகூப்பிவிடாமல், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை, பெறுவோருக்கும் உண்டு. ஹெர்ட்டியின் பெயர் தாங்கிய உயர்கல்விக்கூடத்தின் மாணவர்களே இக்கேள்வியை எழுப்பினர் என்பது மெச்சத்தக்கது.

மூன்றாவது கதவு 'ஜேர்மனிப் புலமைப்பரிசில்'. 2011இல் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தின்படி பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு மாதம் 300 யூரோ கிடைக்கும். பாதியை மத்திய அரசு தரும். மறுபாதியை நிறுவனமோ அறக்கட்டளையோ தனியாளோ தரவேண்டும். பெற்றோரின் வருமானம் பார்க்கப்படுவதில்லை. எந்நாட்டுக் குடியுரிமை என்பதும் தடையன்று. புள்ளிகள் மட்டுமன்றிச் சமூகப் பணியும், குடும்பச் சூழலில் கடந்துவந்த இடர்களும் கணக்கில் எடுக்கப்படும். பகுதிநேர வேலையும் மொழிபெயர்ப்பாளர் வேலையும் (அம்மாவின் வைத்தியருக்கு, அப்பாவின் வரிப் பத்திரத்துக்கு) செய்துகொண்டே படித்த எமது பிள்ளைகள் விண்ணப்பத்தில் எழுத வேண்டிய விடயமே அதுதான். அவர்களோ அதனை வெட்கத்துக்குரியதாக எண்ணி மறைக்கின்றனர்.

இத்திட்டத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. மாணவருள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இதனை வழங்குவதே தொடக்கத்தில் இலக்காகச் சொல்லப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தும் எட்டியது நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரையே. தனியார் கொடுத்தால்தான் அரசும் கொடுக்கும் என்னும்போது, பெருநிறுவனங்கள் சூழ்ந்த பல்கலைக்கழகத்துக்குப் பணம் திரள்வது எளிது. ஏனையவை கையேந்தி அலையவேண்டும். எனவே இது அரசின் கடமைக்கு மாற்றீடாக முடியாது. அக்கடமையைச் சொல்லும் 'பாஃபெக்' என்னும் கல்வி உதவிச் சட்டமும் 1971ஆம் ஆண்டுக்குரியதே. ஒரு நாடு ஏழை மாணவருக்குக் கதவு திறந்த அதே ஆண்டில் இன்னொரு நாடு எமக்குக் கதவடைத்தது. ஆனால் அகதி விசாரணை முடியாதிருக்கும் இளைஞருக்கு இவ்வுதவி இன்றும் பொதுவாகக் கிடைப்பதில்லை. அந்தக் குறையை அறக்கட்டளைகள் ஈடுசெய்யட்டும் என்று அரசு ஒதுங்குவதை நாம் ஏற்கவில்லை.

இத்தகைய கூட்டு எமக்குப் புதியதும் அன்று. சபைகளும் சங்கங்களும் பாடசாலையை நிறுவி நடத்த, ஆசிரியர் சம்பளத்தை அரசு தர, வர்த்தகர்கள் கட்டடம் எழுப்பிய உதவி நன்கொடைப் பாடசாலைகளில்தான் எமது பாட்டன்மார் படித்தனர். 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பெயரால் 'இந்து போர்ட்' இராசரத்தினம் ஊரூராகப் பள்ளிகளை நிறுவியது இம்முறையின் கீழேதான். அரசிடம் நன்கொடை கேட்பதை அவர் பிச்சையாகக் கருதவில்லை. எமது வரிப்பணத்தில் எமக்குரிய பங்கு என்றே கருதப்பட்டது.

இனி எமது வர்த்தகர்களிடமும் ஆலய நிர்வாகங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒரு வார்த்தை. மாதம் 150 யூரோ, ஆண்டுக்கு 1,800 யூரோ. இதனை ஒரு பல்கலைக்கழகத்துக்கு வழங்கினால் அரசு அதே அளவு தொகையைச் சேர்த்து ஒரு மாணவரை ஓராண்டு தாங்கும். கலைவிழா ஒன்றின் மண்டப வாடகைக்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் இதனிலும் கூடுதலாகச் செலவிடுகின்றோம். நாடெங்கும் உள்ள தமிழ்க் கடைகள் ஐந்தைந்தாகச் சேர்ந்தால், மாதம் கடைக்கு முப்பது யூரோதான்.

"எங்கட பிள்ளைக்குத்தான் கிடைக்கும் என்று என்ன நிச்சயம்?" என்று கேட்பார் உண்டு. நிச்சயம் இல்லை. எந்தத் துறைக்கு என்று குறிக்கலாம். எந்த மாணவருக்கு என்று கொடுப்பவர் தெரிவு செய்ய முடியாது. அது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. சிரியாவிலிருந்து வந்த பெண்ணுக்கோ டோட்முண்டில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பேரனுக்கோ அது போகக்கூடும். நாற்பது ஆண்டுகளாக இந்நாட்டவரின் வரிப்பணத்தில் எமது பிள்ளைகள் படித்தபோது, அந்த வரியைக் கட்டியவரும் அது யாருடைய பிள்ளைக்கு என்று கேட்கவில்லை.