பொன் தந்த ஊர்

மாணவர்களே! பொன் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன அணிகலன்களும் மணிமுடியும் கருவூலமுமே. அப்பொன் பிறந்த மண்ணையும், அதனை வெளிக்கொணர்ந்த கைகளையும் நினைப்பார் மிகச் சிலரே. பொன்னைத் தந்து முடித்த ஓர் ஊரின் நிலை யாது? அவ்வூரின் பழங்கட்டடங்களுள் எவற்றை நாம் காத்தல் வேண்டும்? இவ்வினாக்களைச் சிறிது சிந்திப்போம்.

கருநாடக மாநிலத்தில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கோலார் தங்கவயல். அதனை அடுத்துள்ள கோலார் நகரம் பழங்காலத்தில் குவளாலம் எனப் பெயர் பெற்றிருந்தது. அங்குள்ள கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். 1802-ஆம் ஆண்டில் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி இப்பகுதியை அளக்க வந்தபோது, ஊரகம், மாரிக்குப்பம் ஆகிய சிற்றூர்களின் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்குக் கால்கொண்டது. அதன்பின் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வறுமையாலும் சாதிக் கொடுமையாலும் வாடிய ஏழை மக்கள் ஆயிரம் ஆயிரமாய் வந்து குடியேறினர்.

சுரங்கம் வளர, ஊரும் வளர்ந்தது. ஆயினும் ஓர் ஊருக்குள் இரண்டு ஊர்கள் வளர்ந்தன என்பதே உண்மை. மேட்டின் மேல் வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்களும், மலர்த் தோட்டங்களும், கேளிக்கை மன்றமும், கோல்ப் திடலும் எழுந்தன. ‘சின்ன இங்கிலாந்து’ என்று அப்பகுதியைப் பலர் புகழ்ந்தனர். தொழிலாளர்க்கோ, மூங்கில் தட்டியால் அடைத்த குடிசைகளும், பின்னாளில் ஒன்றோடொன்று ஒட்டிய சிறுசிறு லைன் வீடுகளுமே வாய்த்தன. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 1902-ஆம் ஆண்டில் மின்னாற்றல் இச்சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு ஒளிர்ந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே ஆகும். எனினும், அவ்வாற்றலின் துணைகொண்டு இறங்கிய கூண்டில் நின்று, நிலத்தின் கீழ் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை சென்று பாறையைத் துளைத்தவன் தொழிலாளியே. அங்கே வெப்பம் உடலை வாட்டியது. பாறை திடீரென வெடித்து உயிரைப் பறித்தது. கல்தூசு நுரையீரலை அரித்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவினதாகிய பொன் இம்மண்ணிலிருந்து வெளிவந்தது. அதனைத் தோண்டியவன் வீட்டில் குன்றிமணி அளவு பொன்னும் இருந்ததோ என்பது ஐயமே!

1956-ஆம் ஆண்டில் மைசூர் அரசும், 1962-ஆம் ஆண்டில் நடுவணரசும் இச்சுரங்கங்களை ஏற்று நடத்தின. ஆழம் மிகமிகச் செலவு மிகுந்தது. கிடைக்கும் பொன்னோ குறைந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. கூண்டுகள் நின்றன, ஆழத்துச் சுரங்க வழிகளில் நீர் நிரம்பியது. அரைத்த பாறைத் தூளிலிருந்து சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், குன்று குன்றாய் ஊர் நடுவே கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அத்தூசு வீடுதோறும் புகுகிறது. பங்களாக்கள் பலவற்றின் கூரைகள் சரிந்துவிட்டன.

இக்காட்சியைக் கண்டு செல்வோர் சிலர், “இஃது ஒரு பாழூர்” என்று எழுதுகின்றனர். அச்சொல்லை நான் ஒப்பேன். மக்கள் விட்டு நீங்கிய ஊரையே பாழூர் என்பது தமிழ் மரபு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தங்கவயல் நகரத்தில் வாழ்வோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆவர். வைகறையில் புகைவண்டி ஏறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். உயிருள்ள ஊரைப் பாழூர் என்றல், உயிருள்ளவனைப் பிணம் என்றல் போன்றது. பாழ் என்று பெயர் சூட்டிவிட்டால், அங்குள்ளார்க்கு நீரும் வேலையும் நல்ல வீடும் வேண்டும் என்ற எண்ணமே பிறர்க்கு எழாது. ஆதலின் அச்சொல் பிழையானது மட்டும் அன்று, தீங்கானதும் ஆகும்.

மெய்யான பாழூர் ஒன்றைப் பற்றியும் இங்கே அறிதல் நன்று. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் போடி என்னும் ஊர் உள்ளது. 1859-ஆம் ஆண்டில் அங்குப் பொன் கண்டனர். 1880-ஆம் ஆண்டை ஒட்டி அங்குப் பல்லாயிரவர் வாழ்ந்தனர். பொன் குறைந்ததும் மக்கள் நீங்கினர். 1962-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநில அரசு அவ்வூரை வரலாற்றுப் பூங்கா ஆக்கியது. அங்குள்ள மர வீடுகளைப் புதுப்பித்து மெருகிடுவதில்லை; கூரையும் சாளரமும் அடித்தளமும் இற்று விழாதவாறு மட்டும் காக்கின்றனர். மேசையும் கட்டிலும் விட்டுச் சென்றவாறே கிடக்கின்றன. செல்வர் வீட்டோடு எளியோர் வீட்டையும் ஒருங்கே பேணும் அம்முறை பாராட்டத் தக்கது. எனினும் ஆளில்லாத ஊருக்கு ஏற்ற அம்முறையை, ஆள் வாழும் தங்கவயலில் அப்படியே கைக்கொள்ளல் இயலாது.

அங்ஙனமாயின் தங்கவயலில் காக்க வேண்டுவன எவை? பங்களாவையும் கேளிக்கை மன்றத்தையும் காத்துவிட்டால் போதும் என்பர் சிலர். அவை அழகியவை, காக்கத் தக்கவையே. ஆனால் அவற்றை மட்டும் காத்தால், நூறாண்டு கழித்து வரும் மாணவன், இவ்வூரில் துரைமார் மட்டுமே வாழ்ந்தனர் என்று எண்ணுவான். கல்லும் சுவரும் பொய் சொல்லா. ஆனால் சிலவற்றை நிறுத்திச் சிலவற்றை இடித்தால், அவற்றைப் பொய் சொல்ல வைத்தவர் நாம் ஆவோம். ஆதலின், சுரங்க வாயில் நிற்கும் இரும்புக் கோபுரத்தையும், தொழிலாளர் வாழ்ந்த லைன் வீட்டு வரிசையுள் ஒன்றையும் பங்களாவோடு சேர்த்தே காத்தல் வேண்டும்.

“துன்பத்தின் சின்னமான லைன் வீட்டை எதற்குக் காப்பது? இடித்துவிட்டு நல்ல வீடு கட்டித் தருவதன்றோ அறம்?” என்று நீங்கள் கேட்கலாம். தக்க வினாவே. மக்கள் வாழும் வீடுகளைத் திருத்துவதும், குடியிருப்போர்க்கு உரிமையாக்குவதும், கழிவு மேடுகளின் தூசை அடக்குவதும் முதற்கண் செய்யற்பாலன. வாழ்வாரை வருத்திச் சுவரைக் காப்பது அறமன்று. ஆளொழிந்த ஒரு வரிசையை மட்டும் உள்ளவாறே நிறுத்துக என்பதே என் கருத்து. பத்துப் பேர் படுத்துறங்கிய ஓர் அறைக்குள் நின்று பார்க்கும் மாணவன் பெறும் அறிவை எந்த நூலும் தருதல் அரிது.

மேலும், அவ்வீடுகள் துன்பத்தை மட்டும் சொல்வன அல்ல. ஆங்கு வாழ்ந்தோரே 1930-ஆம் ஆண்டில், தம் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து, மானம் காக்க வேலைநிறுத்தம் செய்தனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய தமிழன் இதழ், அவர் மறைந்தபின் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. அவருடைய நூல்கள் பலவற்றை இவ்வூர்ச் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. பகலெல்லாம் பாறை உடைத்தோர் இரவில் தமிழ் நூல் படித்தனர். இவர்கள் தோண்டிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்திலேதான், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை 1965-ஆம் ஆண்டில் அறிஞர் கண்டனர். உலகில் அதனை முதன்முதல் கண்டவருள் அவரும் அடங்குவர்.

மாணவர்களே! பழங்கட்டடங்களைக் காண நீங்கள் செல்லும்போது, “இதனைக் கட்டுவித்தவர் யார்?” என்பதோடு நில்லாமல், “இதற்காக உழைத்தவர் எங்கே வாழ்ந்தார்?” என்றும் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை கூற ஒரு சுவரேனும் நிற்குமாறு செய்தல் நம் கடமை. பொன் தந்த ஊருக்கு நாம் காட்டும் நன்றி அதுவே ஆகும்.