திருந்த மாட்டோம், கூட உட்காருவோம்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று இந்தத் தென் புறநகரில் ஏடிஹெச்டி எனும் கவனக் குறைபாட்டோடு வாழும் பெரியவர்கள் நாங்கள். இன்று முதல் ஓர் இயக்கமாகச் சேர்கிறோம். இயக்கத்துக்கு இன்னும் பெயர் இல்லை. பெயர் வைக்கும் கூட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால், பெயரில்லாமலே தொடங்கிவிட்டோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நாங்கள் திருந்தப் போவதில்லை. திருந்துவதாக அம்மாவிடம், மனைவியிடம், கணவனிடம், ஹெச்.ஆரிடம், சாமியிடம்கூடச் சத்தியம் செய்து பார்த்தாகிவிட்டது. புது டைரி, புது அலாரம், ஜனவரி 1, சித்திரை 1 என எல்லாத் தொடக்கங்களும் எங்களுக்குப் பழக்கம். செய்ய வேண்டியது என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், போனை எடுத்தால் இரண்டு நிமிட வேலை. அப்படியும் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்த பிறகுதான் கட்டுகிறோம். அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல காலமாகச் சொல்லிவருவது இதைத்தான். அறிவில் குறையில்லை, அறிந்ததை அந்த நேரத்தில் செய்வதில்தான் குறை. அதனால் புத்திமதி எங்களிடம் பலிக்காது. வேலை நடக்க வேண்டிய இடத்துக்கே, நடக்க வேண்டிய நேரத்திலேயே வந்து சேரும் உதவிதான் பலிக்கும்.

‘இதெல்லாம் செல்போன் வந்த பிறகு வந்த வியாதி’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே கவனம் நிலைக்காத மனிதர்களைப் பற்றி எழுதிவிட்டார். ஏடிஹெச்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவது. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் வேலை செய்யும் விதத்தோடு தொடர்புடையது. உலக ஏடிஹெச்டி கூட்டமைப்பின் 2021 அறிக்கை, பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. அப்படியென்றால் காலையில் தாம்பரத்திலிருந்து கிளம்பும் பீச் வண்டியில், பெட்டிக்குச் சிலராவது எங்கள் ஆட்கள்தான். சீசன் டிக்கெட் நேற்றே முடிந்துவிட்டது என்பது டிக்கெட் பரிசோதகரைப் பார்த்ததும்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

புத்திமதிக்குப் பதில் உதவி தருவதில் எங்கள் தாம்பரத்துக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கே ஒரு காசநோய் சானடோரியம் தொடங்கினார். பிற்பாடு ரயில் நிலையமே அந்தப் பெயரில் அமைந்தது. காசநோயைக் கொல்லும் மருந்து அப்போது உலகில் எங்கும் கிடையாது. வீட்டில் மறைத்து வைக்கப்பட்ட நோயாளிகளுக்குத் திறந்த வெளி, மரக்காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, நேரப்படி ஓடும் நாள் ஆகியவற்றைத் தருவதுதான் அன்றைய சானடோரிய வைத்தியம். மனசு வைத்தால் இருமல் நின்றுவிடும் என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நோயாளியின் குணத்தை விட்டுவிட்டு அவரைச் சுற்றியிருந்ததை மாற்றினார்கள். மருந்து பின்னால் வந்தது, அதையும் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் கேட்பதும் அதே வரிசைதான், ஒரு வித்தியாசத்தோடு: எங்களுக்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது.

இருக்கிறதே தவிர, கைக்கு வருவது லேசில்லை. ஏடிஹெச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ள மருந்து. தெருமுனை மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்காது. சீட்டில்லாமல் எங்குமே தரக் கூடாது. மறதிக்காரர் ஞாபகமாக மருத்துவரைப் பார்த்து, ஞாபகமாகச் சீட்டைப் பத்திரப்படுத்தி, அதை வைத்திருக்கும் கடையைத் தேடி நகரத்துக்குள் போக வேண்டும். கட்டுப்பாடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் பெரியவர்களுக்கென்று மாலை நேர ஓ.பி. ஒன்றும், அதே கட்டடத்தில் அந்த மருந்தும் வேண்டும் என்கிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடு அதில் உண்டு, ஏடிஹெச்டி பெயர் சொல்லி இல்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் அரியர் மேல் அரியராகச் சுமக்கும் பையனைத் ‘திமிர்’ என்று ஒதுக்கும் முன்னால், ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். சிறு வயதில் வகுப்பில் ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படாமல் போனார்கள். தன் பிள்ளைக்குப் பரிசோதனை செய்யப் போன இடத்தில், டாக்டர் கேட்கிற கேள்வியெல்லாம் தன்னைப் பற்றியதாக இருக்கிறதே என்று திகைத்தவர்கள் எங்களில் உண்டு. ஆண் மறந்தால் ‘அவர் எப்பவும் அப்படித்தான்’ என்று சிரிப்பார்கள். பெண் அடுப்பில் பாலை மறந்தால் குடும்பம் நடத்தத் தெரியாதவள். இந்த இயக்கத்தில் அந்தப் பேச்சு எடுபடாது.

இனி நாங்கள் செய்யப்போவது. சேர்ந்து உட்காருவோம், அவ்வளவுதான். அவரவர் வேலையை அவரவர் செய்ய, பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி நண்பன் வீட்டு மொட்டை மாடியில் படித்துப் பாஸானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இது மருந்துக்கு மாற்று அல்ல. மருத்துவர் சொல்லாமல் யாரும் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். ரீல்ஸ் பார்த்துத் தனக்கும் இருக்குமோ என்று சந்தேகப்படுபவர்களும் வரலாம். தூக்கமின்மை, தைராய்டு, மனப்பதற்றம்கூட இதே மாதிரி தோற்றம் காட்டும். அதனால் மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதுதான் அவர்களுடைய முதல் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து வாங்க வைப்போம். அதற்கும் தயங்கினால் அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

சந்தா கிடையாது, எப்படியும் கட்ட மறந்துவிடுவோம். அறிவுரை சொல்ல அனுமதி கிடையாது. சொந்தக்காரர்கள் வரலாம், ஆனால் அவர்களும் ஒரு வேலையோடுதான் வர வேண்டும்.

ஞாயிறுதோறும், கிழக்குத் தாம்பரத்தில் எங்களில் ஒருவரின் மொட்டை மாடி. பத்து மணி என்று அறிவித்திருக்கிறோம். பதினொன்றரைக்கு வருபவரிடமும் ஏன் லேட் என்று கேட்க மாட்டோம். தள்ளிப்போட்ட வேலைகளில் ஒன்றே ஒன்றை எடுத்து வாருங்கள்: சொத்து வரி, இன்ஷூரன்ஸ் படிவம், பதில் போடாத மெயில், எதுவானாலும் சரி. பேனா, சார்ஜர், தண்ணீர் எல்லாம் அங்கேயே இருக்கும்.