குத்தாத ஊசி கேட்கலாமா?

குண்டூசி விரலில் குத்திவிட்டால் வீட்டில் முதலில் காதில் விழும் வார்த்தை, "பார்த்து எடுக்கக் கூடாதா?" என்பதுதான். பழி எப்போதும் விரலின் மேல்தான். ஊசியை யாரும் திட்டுவதில்லை! ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், பல சமயம் தப்பு ஊசியைச் செய்த விதத்தில்தான் இருக்கிறது.

சட்டைக்கும் சேலைக்கும் குத்தும் ஊக்கையே எடுத்துக்கொள்வோம். ஆடையைக் கோக்கும் இது போன்ற கொக்கிகள் ரோமானியர் காலத்திலேயே இருந்தன. இன்றைய வடிவத்துக்கு 1849-ல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் வால்டர் ஹன்ட். ஒரே கம்பி. ஒரு முனையில் சுருள், அதுதான் ஸ்பிரிங். மறுமுனையில் கூரை மறைக்கும் ஒரு மூடி. விரலைக் குத்தாது என்பதையும் அவர் அதன் நன்மையாகவே சொன்னார். பின்னர் அந்த உரிமையை வெறும் 400 டாலருக்கு விற்றுவிட்டார்.

அடுத்து, நோட்டீஸ் போர்டில் குத்தும் பின். தட்டையான தலை கொண்ட டிராயிங் பின் கீழே விழுந்தால் தலை தரையில், கூர் மேலே. வெறுங்காலுக்காகவே காத்திருப்பது போல! அமெரிக்காவில் 1900-ல் எட்வின் மூர் உருவாக்கிய புஷ் பின்னில் விரலால் பிடிக்க ஒரு பிடி உண்டு. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் கிடக்கும். கூர் அதே கூர்தான். மாறியது தலையின் வடிவம் மட்டுமே.

அப்படியானால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. ஊக்கு மூடியிருக்கும்போதுதான் பாதுகாப்பு. ஆபத்து, அதைக் குத்துவதற்கு முன்னும் கழற்றிய பின்னும்தான். சேலை மடிப்பை இரண்டு கையாலும் பிடித்திருக்கும் பெண் ஊக்கை எங்கே வைப்பாள்? பல்லிடுக்கில்தான். அப்போது ஒரு தும்மல் வந்தால் போதும். ஊசி மூச்சுக்குழலுக்குள் போய், டாக்டர்கள் பிராங்கோஸ்கோப் விட்டு எடுக்க வேண்டிவரும். தாலிக்கொடியிலும் வளையலிலும் ஊக்கைக் கோத்து வைப்பதும் இதே தேவையால் வந்த பழக்கம்தான். அந்த ஊக்கு திறந்துகொண்டால், மடியில் இருக்கும் குழந்தையின் கைக்குத்தான் முதலில் எட்டும்.

எல்.கே.ஜி. குழந்தையின் சட்டையில் கைக்குட்டையை ஊக்கால் குத்தி அனுப்புகிறோம். அங்கே பற்களுக்குக் கூர் இல்லாத ஒரு கிளிப் போதாதா?

ஸ்டேப்ளர் பின்னின் கதை இன்னும் வேடிக்கை. ரூபாய் நோட்டுக் கட்டுகளில் பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2001-ல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. நோட்டு கிழிகிறது என்பது காரணம். காகிதப் பட்டை சுற்றினார்கள், வேலை நடந்தது. தேயிலைப் பைகளில் பின் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2017-ல் சொன்னது. ஆனால் மிக்சர் பாக்கெட்டிலும் பஜ்ஜிப் பொட்டலத்திலும் பின் அடிக்கும் கடைகள் இன்றும் உண்டு. நோட்டுக்குக் காட்டிய அக்கறை தொண்டைக்கு வேண்டாமா? வாழையிலையில் இட்லியை வைத்து நூல் சுற்றிக் கொடுத்தவர்களுக்கு இது புதிய பாடமே இல்லை.

பாதுகாப்பான வடிவம் என்றால் விலை கூடும் என்பார்கள். கொஞ்சம் கூடலாம். எல்லா ஊசியையும் மாற்றச் சொல்லவில்லை. தையல்காரருக்குக் கூர்மை வேண்டும். ஆனால் அவரும் ஊசியை வாயில் வைக்காமல் மணிக்கட்டில் கட்டிய ஒரு காந்தத்தில் ஒட்டி வைக்கலாமே. குழந்தையும் உணவும் வெறுங்காலும் வரும் இடங்களிலாவது கூரை மறைக்க வேண்டும், அல்லது கூரே இல்லாததைத் தேட வேண்டும்.

'கவனமாக இரு' என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் கவனம் சில நேரம் தூங்கிவிடும். ஊக்கின் மூடி தூங்குவதில்லை.