ஆயாவின் குரலும் பொய் சொல்லும் ஸ்பீக்கரும்

பதிவு போட்டு நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வேற காரணம் ஒண்ணும் இல்லை. இன்னிக்கு எழுதப் போறது ஸ்பீக்கர் பத்தி. "ஐயோ, டெக்னிக்கல் பதிவா"ன்னு ஓடிடாதீங்க மக்களே. நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் இப்போ எழுதறதோட நிக்காம பேசவும் ஆரம்பிச்சுட்டீங்க. கதை வாசிக்கறீங்க, பேட்டி எடுக்கறீங்க, வீட்டுப் பெரியவங்க பாட்டைப் பதிவு பண்றீங்க. அவங்களுக்காகத்தான் இது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மைக்குக்குச் செலவு பண்ற காசுல பாதியையாவது ஒரு ஜோடி சின்ன ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போடுங்க. இதை நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொல்ல ஒரு கொசுவத்தி சுத்தியே ஆகணும்.

எங்க ஊர் அதியமான்கோட்டை. தர்மபுரியில இருந்து சேலம் போற வழி. தேய்பிறை அஷ்டமிக்குக் கால பைரவர் கோயிலுக்கு வந்து சாம்பல் பூசணியில விளக்கு ஏத்தற கூட்டத்துல உங்கள்ல சில பேர்கூட இருந்திருக்கலாம். எங்க ஆயா, அம்மாவோட அம்மா, நடவுப் பாட்டு நல்லாப் பாடும். சன்னமான குரல் கிடையாது. கனமான, கொஞ்சம் கரகரப்பான குரல். மூணு வருஷம் முன்னாடி பொங்கலுக்குப் போனப்போ ஆயாவைத் திண்ணையில உட்கார வெச்சு 11 பாட்டு பதிவு பண்ணேன்.

பெங்களூர் ரூமுக்கு வந்து எடிட்டிங். அப்போ என்கிட்ட இருந்தது ஒரு 2.1 செட். கீழே பெரிய டப்பா ஒண்ணு, மேலே குட்டி ஸ்பீக்கர் ரெண்டு. சண்டைப் படம் பார்த்தா ஜன்னல் அதிரும். அதுல கேட்டப்போ ஆயா கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி ஒரே முழக்கம். நானும் பெரிய ரஹ்மான் கணக்கா 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததை எல்லாம் வெட்டினேன். மேலே 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கினேன். கேட்க அருமையா இருந்துச்சு. அதே ஃபைல் மேலேயே சேவ் பண்ணிட்டு, மெமரி கார்டையும் அழிச்சுட்டேன். ஆமாங்க, சாஃப்ட்வேர் இஞ்சினியர்தான். பேக்கப் எடுக்கலை. திட்டறவங்க திட்டிக்கலாம்.

ஆறு மாசத்துல ஆயா போயிடுச்சு. பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் கூடினப்போ, மாமா வீட்டு ஸ்பீக்கர்ல அந்தப் பாட்டைப் போட்டேன். அம்மா ரெண்டு நிமிஷம் கேட்டாங்க. "ஏண்டா, இது ஆயா மாதிரியே இல்லியே. யாரோ வயசுப் புள்ள பாடற மாதிரி இருக்குது"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

என்ன நடந்துச்சுன்னு எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு. பெண் குரலோட அடிப்படை அதிர்வெண் பொதுவா 165-லிருந்து 255 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கும். அந்த இடத்தைத்தான் நான் வெட்டியிருக்கேன். பழைய டெலிபோன் 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அனுப்பும். சுருக்கமா சொன்னா, ஆயாவை நான் டெலிபோன்ல பாட வெச்சுட்டேன். அந்த முழக்கம் பதிவுல இருந்ததே இல்லை. என் 2.1 செட்டும், அதை மூலையில வெச்ச என் ரூமும் சேர்ந்து உண்டாக்கினது. ஸ்பீக்கரோட தப்பை நான் ஆயா குரல்ல திருத்தியிருக்கேன்.

கடையில விக்கிற பெரும்பாலான ஸ்பீக்கர் நம்மளைச் சந்தோஷப்படுத்தறதுக்காகச் செஞ்சது. மானிட்டர் அப்படி இல்லை, என்ன இருக்கோ அதைச் சொல்றதுக்காகச் செஞ்சது. அது சின்னதா இருக்கறதை ஏதோ காசில்லாதவன் பண்ற சமரசம்னு நினைக்காதீங்க. 1970-களோட ஆரம்பத்துல பிபிசி-க்கு ஒரு சிக்கல். வெளி இடத்துல இருந்து ஒலிபரப்பு பண்ற வண்டிக்குள்ள பெரிய மானிட்டர் வைக்க இடம் இல்லை. ஹெட்போன்ல கேட்டு முடிவெடுக்கறதும் திருப்தியா இல்லை. அதுக்காக அவங்க ஆராய்ச்சிப் பிரிவே வடிவமைச்சதுதான் எல்எஸ்3/5ஏ. உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் 19, ஆழம் 16. ஒரு செருப்பு டப்பாவை நிமித்தி வெச்ச மாதிரி. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத்னு பல கம்பெனிகள் உரிமம் வாங்கி அதைத் தயாரிச்சாங்க. மனுஷக் குரல் அதுல எவ்வளவு இயல்பா இருக்கும்கறதுதான் அதோட பேரே. இன்னிக்கும் அதைத் தேடி அலையறவங்க இருக்காங்க.

அதே மாதிரி பின்லாந்துல யீசால்மினு ஒரு சின்ன ஊர். அந்த நாட்டு வானொலிக்கு ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கற மானிட்டர் வேணும்னு கேட்டதுல 1978-ல பிறந்த கம்பெனி ஜெனலெக். நம்ம நாட்டுலயும் ஆள் இருக்காங்க. 1970-ல கொல்கத்தாவுல ஆரம்பிச்ச சோனோடைன் இந்த மாதிரி சின்ன மானிட்டர்களைச் செஞ்சிருக்காங்க.

சரி, மானிட்டர்னா நூத்துக்கு நூறு உண்மை பேசுமா? பேசாது. யமஹா என்எஸ்-10 கதையைக் கேளுங்க. 1978-ல வீட்டு உபயோகத்துக்குன்னு வந்துச்சு, யாருக்கும் பிடிக்கலை. மேல் சுரம் காதைக் குத்துதுன்னு ட்வீட்டர் மேல டிஷ்யூ பேப்பர் ஒட்டிக் கேட்டாங்க. ஆனா உலகம் பூரா ஸ்டூடியோக்கள்ல அந்த வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர்தான் உட்கார்ந்திருந்துச்சு. 2001-ல தயாரிப்பை நிறுத்தற வரைக்கும் அதுக்கு மவுசு. இதுல நல்லா இருந்தா எதுலயும் நல்லா இருக்கும்னு இஞ்சினியர்கள் நம்பினாங்க. அதே 2001-ல பிரிட்டன்ல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துல அளந்து பார்த்தப்போ தெரிஞ்ச ஒரு காரணம், மூடின பெட்டிங்கறதால அடிச்சுரம் இழுக்காம சட்டுனு நிக்குதுங்கறது. அதுக்கும் குறை உண்டு. ஆனா அந்தக் குறை எல்லாருக்கும் தெரிஞ்ச குறை. என்னைக் கேட்டா மானிட்டரோட அர்த்தமே இதுதான். அதோட குறை சின்னதா இருக்கணும், அது என்னன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். என் 2.1 செட் என்ன பொய் சொல்லுதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

இப்போ நீங்க கேட்கப் போற கேள்வி: "கேக்கறவன் எல்லாம் மொபைல்லதான் கேக்கறான். நமக்கு எதுக்குப்பா இது?"

நியாயமான கேள்வி. எங்க அம்மா சமையக்கட்டுல தர்மபுரி வானொலி 102.5 கேப்பாங்க. ரேடியோவுல இருக்கறது உள்ளங்கை அளவு ஒத்தை ஸ்பீக்கர். அதுலயும் அறிவிப்பாளர் யாருன்னு முதல் வார்த்தையிலயே சொல்லிடுவாங்க. ஏன்னா அனுப்பற இடத்துல குரல் ஒழுங்கா இருக்கு. கேக்கறவங்க ஒவ்வொருத்தர் ஸ்பீக்கரும் ஒவ்வொரு பக்கம் சாயும். ஒண்ணுல அடிச்சுரம் அதிகம், ஒண்ணுல சுத்தமா இருக்காது. நாம நடுவுல நின்னாத்தான் எல்லார்கிட்டயும் ஓரளவு சரியாப் போகும். நாமளும் ஒரு பக்கம் சாஞ்சா, நம்ம பொய் மேல அவங்க பொய்யும் ஏறிக்கும். முடிச்சப்புறம் மொபைல்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க, தப்பில்லை. பழைய ஸ்டூடியோக்காரங்க ஆரடோன்னு ஒரு சின்னக் கனசதுர டப்பாவை அதுக்குத்தான் வெச்சிருந்தாங்க. ஆனா முடிவை மானிட்டர்ல எடுங்க.

இன்னொரு கேள்வி காசு. நாலு இஞ்ச், அஞ்சு இஞ்ச் வூஃபர் உள்ள ஒரு ஜோடி, ஒரு நடுத்தர மொபைல் விலைக்குள்ள இப்போ கிடைக்குது. நம்ம ரூமுக்கு அதுக்கு மேல வேண்டாம். 10 அடி ரூம்ல எதிரெதிர் சுவருக்கு நடுவுல சுமார் 56 ஹெர்ட்ஸ்ல ஒலி தேங்கி நிக்கும். பெரிய ஸ்பீக்கர் வெச்சா அந்தத் தேக்கத்தைத்தான் கேப்பீங்க. சின்ன ஸ்பீக்கரால அவ்வளவு கீழே தெம்பா இறங்க முடியாது. குரல் வேலைக்கு அது நஷ்டம் இல்லை, பல நேரம் லாபம். வாங்கினதும் மூலையில வைக்காதீங்க, சுவரை ஒட்டியும் வேண்டாம். ரெண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் சம முக்கோணமா இருக்கணும். ட்வீட்டர் காது உயரத்துல. வெறும் சுவர்ல பழைய போர்வையோ பஞ்சு மெத்தையோ சாத்துங்க. ரெண்டு வாரம் எடிட்டிங் எதுவும் பண்ணாம, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச குரல்களை மட்டும் அதுல கேளுங்க. காது பழகணும்.

2004 பிப்ரவரியில அண்ணா பல்கலைக்கழகத்துல அண்ணா எஃப்எம் 90.4 ஆரம்பிச்சது. நாட்டோட முதல் வளாக சமுதாய வானொலி. 2006-ல தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம்னு ஆச்சு. இன்னிக்கு வானொலிகூட வேண்டாம், மொபைல் இருந்தாப் போதும். எங்க பக்கம் கூத்துக்காரங்க, ஒப்பாரி பாடறவங்க எல்லாரையும் யாரோ ஒருத்தர் பதிவு பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. நல்ல விஷயம். ஆனா அதுல பல குரல்கள் அடுத்த வருஷம் இருக்காது. திரும்ப எடுக்க முடியாத ஒண்ணைத் திருத்தும்போது, எதை வெச்சுக் கேட்டு திருத்தறோம்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும் இல்லையா?

போன மாசம் தங்கச்சி அவளோட பழைய மொபைலைக் கொடுத்தா. அந்தப் பொங்கல் அன்னிக்கு சாயந்தரம், எடிட் பண்றதுக்கு முன்னாடி, ஒரு துண்டு அவளுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். எனக்கே மறந்து போச்சு. 1 நிமிஷம் 40 நொடி. சுருக்கி நசுக்கின ஃபைல்தான். ஊருக்கு என் மானிட்டர் ரெண்டையும் தூக்கிட்டுப் போய் மேசை மேல வெச்சுப் போட்டேன். பின்னாடி ஒரு ஆடு கத்துது. ஆயா மூச்சை இழுத்துட்டு அடிக்குரல்ல ஆரம்பிக்குது. அம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னாங்க. ஒண்ணும் சொல்லலை. முடிஞ்சதும், "இன்னொருக்கா போடு"ன்னாங்க.

பத்துப் பாட்டு போச்சு. ஒண்ணுல ஒரு துண்டு மிச்சம்.

பி.கு: மானிட்டர் வாங்கறீங்களோ இல்லையோ, திருத்தாத ஒரிஜினல் ஃபைலை மட்டும் தனியா வேற ஒரு இடத்துல வெச்சுடுங்க. காசு செலவில்லாத அறிவுரை இது ஒண்ணுதான் :-)